நெருக்கீடும் இதயமும்

அச்சம் வந்துற்றவிடத்து நெஞ்சு படபடக்கின்றது. வெகுளி மிக்கவிடத்து நாடி விரைகின்றது. எதிர்பாராத மகிழ்ச்சியிலும் மார்பினுள்ளே ஒரு துள்ளல் தோன்றுகின்றது. இவை யாவரும் தத்தம் வாழ்வில் அறிந்தவை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அச்சம், வெகுளி, உவகை என்பனவற்றையும் அவற்றுள் வைத்தார். உள்ளத்தே நிகழ்வது உடலின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு எனப்படும். உள்ளத்தில் எழுந்த ஓர் உணர்வு, கைப்பிடியளவினதாகிய ஒரு தசையை எவ்வழியாற் சென்று அடைகின்றது? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சி நூறாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. அவ்விடையையும், அவ்விடை மருத்துவக் கொள்கை ஒன்றைத் தலைகீழாக்கிய வரலாற்றையும் இக்கட்டுரையில் ஒருவாறு நோக்குவாம்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இப்பொருளில் என்ன வேலை என வினவுவாரும் உளராகலாம். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த வைத்தியர் கிறீன் அவர்கள் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அங்ஙனம் தொடங்கிய வழக்கம் நம்முடைய மண்ணுக்குப் புதியதன்று. அன்றியும், இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பலர் நாடோறும் இதயத்துக்கு மாத்திரை உட்கொள்ளும் வயதினர். அம்மாத்திரை என்ன செய்கின்றது என்பதை அறியாமல், சிறிது சுகங் கண்டவுடன் தாமாகவே அதனை நிறுத்திவிடுவோரும் உளர். அதனால் விளையுந் தீங்கு பெரிது. ஆதலின் இப்பொருள் பாடப் பொருள் மட்டுமன்று. வீட்டுக்கு வேண்டிய பொருளுமாகும்.

சுரப்பியும் நரம்பும்

நமது சிறுநீரகங்கள் இரண்டின் மேலும், குல்லாய் கவிழ்த்தாற்போல, ஒவ்வொரு சிறு சுரப்பி அமைந்துள்ளது. அதிரீனற் சுரப்பி என்பது அதன் பெயர். அதன் நடுப்பகுதி அதிரினலின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது; புறப்பகுதியாகிய மேற்பட்டை கோட்டிசோல், அல்டோஸ்தெரோன் முதலிய ஓமோன்களைச் சுரக்கின்றது. 1894 ஆம் ஆண்டளவில் ஒலிவர், ஷேபர் என்னும் ஆங்கில அறிஞர் இருவரும் இலண்டனில் இச்சுரப்பியின் சாற்றை விலங்குகளின் குருதியிற் செலுத்தி, குருதியமுக்கம் மிக விரைவாக உயர்வதைக் கண்டனர். 1901 ஆம் ஆண்டளவில் யப்பானியரான தக்கமினே என்னும் இரசாயன அறிஞர் அச்சாற்றினின்றும் அதிரினலினைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார்.

அமெரிக்க நாட்டு ஹார்வேட் பல்கலைக்கழகத்தின் வால்ற்றர் கனன், இவ்வோமோன் எதற்காகச் சுரக்கின்றது என்பதை ஆராய்ந்து 1915 இல் ஒரு நூல் வெளியிட்டார். பகையைக் கண்ட உயிர் எதிர்த்துப் போரிடல் வேண்டும். அன்றேல் ஓடித் தப்பல் வேண்டும். இரண்டிற்கும் தசைகளுக்குக் குருதி மிகுதியாக வேண்டும். அக்குருதியை அனுப்புதற்கே இதயம் விரைகின்றது என அவர் விளக்கினார். அதிரினலின் குருதியோடு சென்று உடலெங்கும் பரவுவது. அதற்கு உடன்பிறந்தாற்போன்ற நோரதிரினலினோ பரிவு நரம்புகளின் நுனியிலிருந்தே இதயத்தசையின் மேற் சொரியப்படுவது. இதனை 1946 இல் சுவீடன் நாட்டு வொன் ஒயிலர் நிறுவினார்.

எனவே, நெருக்கீடு வந்துற்றபோது இதயத்துக்கு இரு வழியாலும் செய்தி போகின்றது. ஒன்று நரம்பின் வழி. அது நொடிப்பொழுதில் எய்தும். மற்றையது குருதியின் வழி. அது சற்றுப் பிந்தி வந்து நெடுநேரம் நிற்கும்.

வாங்கி என்பது யாது?

செய்தி வந்தாற் போதாது. அதனை ஏற்பார் ஒருவரும் வேண்டும். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து லாங்லி என்பார் 1905 ஆம் ஆண்டில், கலங்களில் இத்தகைய பொருள்களை ஏற்கும் ஒரு சிறப்புப் பதார்த்தம் இருத்தல் வேண்டும் எனக் கூறினார். அதனையே இன்று வாங்கி என்கின்றோம். அரசனைக் காண வந்தவர் நேரே அவைக்களம் புகுதல் மரபன்று; வாயிலோன் செய்தி கேட்டு உட்சென்று உரைப்பான். அதிரினலினும் இதயக்கலத்தினுட் புகுவதில்லை. கலத்தின் மென்சவ்விலே நிற்கும் வாங்கியோடு பொருந்தி, செய்தியைக் கொடுத்துவிட்டு நீங்குகின்றது.

இங்கு ஒரு புதிர் நெடுங்காலம் அறிஞரை மயக்கிற்று. ஒரே அதிரினலின் தோலின் குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றது. மூச்சுக் குழாய்களை விரிக்கின்றது. இதயத்தையோ விரையச் செய்கின்றது. ஒரு பொருளுக்கு இத்தனை மாறுபட்ட செயல்கள் எங்ஙனம் பொருந்தும்? அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பணிபுரிந்த ஆல்குவிஸ்ட் என்பார் 1948 இல் இதற்கு விடை கண்டார். ஓமோன் ஒன்றேயாயினும் வாங்கிகள் இருவகைப்படும் என்றும், அவற்றுள் ஒன்று அல்பா, மற்றையது பீற்றா என்றும் அவர் வகுத்தார். அவருடைய கட்டுரையை முதலில் ஒரு சஞ்சிகை ஏற்க மறுத்தது. பின்னர் வேறொன்றில் அது வெளிவந்தது. 1967 இல் பீற்றா வாங்கியும் இரண்டாக வகுக்கப்பட்டது. இதயத்தில் மிக்கிருப்பது பீற்றா ஒன்று. மூச்சுக் குழாய்களில் மிக்கிருப்பது பீற்றா இரண்டு. நலமுள்ள இதயத்தின் பீற்றா வாங்கிகளுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு முதல் வகையின. எஞ்சியவற்றுட் பெரும்பாலன இரண்டாம் வகையின.

நெடுங்காலம் வாங்கி என்பது அறிஞரின் ஊகமாகவே இருந்தது. லெப்கோவிற்ஸ் என்பாரும் அவருடைய குழுவினரும் 1986 இல் பீற்றா இரண்டு வாங்கிக்குரிய பரம்பரையலகைப் பிரித்தறிந்தனர். அவருக்கும், அக்குழுவில் இருந்து பின்னர் வாங்கியின் முழு வடிவத்தையும் காட்டிய கோபில்காவுக்கும் 2012 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதயக்கலத்தினுள் நிகழ்வது

வாங்கியாவது கலத்தின் மென்சவ்வை ஏழு முறை ஊடுருவி மடிந்து நிற்கும் ஒரு புரத இழை. வெளிப்புறத்தே ஓமோன் வந்து பொருந்தியதும் அதன் வடிவம் சிறிது மாறுகின்றது. அம்மாற்றம் உட்புறத்தே உள்ள ஜீ-புரதத்தை எழுப்புகின்றது. எழுந்த ஜீ-புரதம் ஒரு நொதியத்தைத் தூண்டுகின்றது. அந்நொதியம் சக்கர ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறுகளைப் பெருந்தொகையாக ஆக்குகின்றது. ஓமோன் முதற்றூதன் எனின், இதனை இரண்டாந் தூதன் எனலாம். இவ்விரண்டாந் தூதனைக் கண்டறிந்த சதர்லாந்து என்பார் 1971 இல் நோபல் பரிசு பெற்றார்.

இரண்டாந் தூதனின் ஆணையால், கல்சியம் முன்னினும் மிகுதியாகக் கலத்தினுட் புகுகின்றது. கலத்தின் உட்களஞ்சியத்திலிருந்தும் வெளிவருகின்றது. தசையைச் சுருங்கச் செய்வது கல்சியமே. ஆதலின் சுருக்கம் வலுக்கின்றது. அதே ஆணை கல்சியத்தை விரைவாகக் களஞ்சியத்துள் மீளவுஞ் சேர்க்கின்றது. ஆதலின் தளர்வும் விரைகின்றது. துடிப்பைத் தொடக்கிவைக்கும் கணுவும் தூண்டப்படுதலால் நாடி கூடுகின்றது. ஓய்ந்திருக்குங்கால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 இலீற்றர் குருதியை வெளித்தள்ளும் இதயம், கடும் உழைப்பின்போது 20 இலீற்றர் வரையுந் தள்ளவல்லதாகின்றது.

இவ்வமைப்பில் வியக்கத்தக்கதோர் அடக்கமும் உண்டு. ஓமோன் நெடுநேரம் வாங்கியை விட்டு நீங்காதிருப்பின், கலத்தினுள்ளே ஒரு நொதியம் அவ்வாங்கியின் மேல் பொசுபேற்றுக் குறி ஒன்றை இடுகின்றது. அக்குறியைக் கண்டு அரெஸ்ற்றின் என்னும் புரதம் வந்து பொருந்தி, வாங்கிக்கும் ஜீ-புரதத்துக்கும் இடையே உள்ள தொடர்பை அடைத்துவிடுகின்றது. நெருக்கீடு இன்னும் நீளுமாயின் வாங்கியே கலத்தினுள் இழுக்கப்படுகின்றது. சில வாங்கிகள் அழிக்கவும் படுகின்றன. ஓயாது கூவி அழைப்பார்க்கு வாயிலோன் கதவை மெல்லச் சாத்துவது போன்றது இது. இச்செயலை நினைவிற் கொள்க. பின்வரும் வரலாறு முழுதும் இதன்மேல் நிற்கின்றது.

தளர்ந்த இதயம்

இதயச் செயலிழப்பு என்னும் பெயர் சிலரை மருட்டும். இதயம் நின்றுபோதல் என்பது அதன் பொருளன்று. உடலுக்கு வேண்டிய அளவு குருதியை அனுப்ப வலியின்றி இதயம் தளர்ந்திருத்தலே இப்பெயராற் குறிக்கப்படுகின்றது. முன்னர் வந்த மாரடைப்பு, நெடுநாள் உயர் குருதியமுக்கம், வால்வு நோய், மிகு குடி, சிலவகைத் தொற்று என்பன இதற்குக் காரணங்களாம். படி ஏறுங்கால் மூச்சிளைத்தல், மல்லாந்து படுக்க இயலாமை, கணைக்கால் வீங்குதல், நீங்காச் சோர்வு ஆகியன இதன் குறிகள்.

இதயம் தளர்ந்து குருதி குறைந்தவுடன், கழுத்து நாடியிலும் பெருநாடியிலும் உள்ள அமுக்க உணரிகள் மூளைக்கு அறிவிக்கின்றன. உடலோ இக்குறைவின் காரணத்தைப் பகுத்தறியாது. காயம்பட்டுக் குருதி இழந்த காலத்துக்கென அமைந்த பழைய முறையையே அது இங்கும் கையாளுகின்றது. பரிவு நரம்புகள் நோரதிரினலினைச் சொரிகின்றன. குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. சிறுநீரகம் உப்பையும் நீரையும் உடலிலே தேக்குகின்றது. குருதி இழந்தவனுக்கு இவை உயிர் காக்கும். தளர்ந்த இதயத்துக்கோ இவை மேலும் பாரமாகும். சுருங்கிய குழாய்களினூடே மிகுந்த குருதியைத் தள்ளவேண்டியதாய் இதயம் இன்னுந் தளர்கின்றது. அது தளருந்தோறும் செய்தி இன்னும் உரத்து ஒலிக்கின்றது. 1984 இல் கோன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தோரும், இந்நோயாளரின் குருதியில் நோரதிரினலின் மிக்கிருக்குந்தோறும் அவர்தம் ஆயுள் குறுகுகின்றது எனக் காட்டினர்.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1982 இல், பிறிஸ்ரோ என்பாரும் அவர் குழுவினரும் வேறொன்றைக் கண்டிருந்தனர். இதய மாற்றுச் சிகிச்சையின்போது அகற்றப்பட்ட தளர்ந்த இதயங்களை நல்ல இதயங்களோடு அவர்கள் ஒப்பிட்டனர். தளர்ந்த இதயங்களிற் பீற்றா வாங்கிகள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தன. அவற்றுள்ளும் குறைந்தது பீற்றா ஒன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே, செய்தி மிகுகின்றது; அதனை ஏற்பாரோ குறைகின்றனர்.

தாற்றுக்கோலா, ஓய்வா?

இங்கே கொள்கை இரண்டாகப் பிரிந்தது. வாங்கி குறைந்தமையே இதயத்தின் தளர்ச்சிக்குக் காரணம் என்பது ஒரு கொள்கை. அதன்படி, இதயத்தை மேலும் தூண்டும் மருந்தே வேண்டும். வாங்கி குறைந்தமை இதயம் தன்னைக் காத்துக்கொள்ளுஞ் செயல் என்பது மற்றைக் கொள்கை. அதன்படி, தூண்டுதலைத் தடுக்கும் மருந்தே வேண்டும். ஏற்றமான பாதையிற் பாரவண்டியை இழுத்து இளைத்த எருதுக்குத் தாற்றுக்கோலாற் குத்து வேண்டுமா, நுகத்தை அவிழ்த்துச் சிறிது ஓய்வு வேண்டுமா என்பதே வினா.

முதற்கொள்கையே பலருக்கும் இயல்பாகத் தோன்றிற்று. பீற்றா வாங்கியை அடைக்கும் மருந்து அக்காலத்தில் இல்லாமலில்லை. ஸ்கொத்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் பிளாக் என்பார், ஆல்குவிஸ்ட்டின் கருத்தைத் துணைக்கொண்டு, 1960 களின் முற்பகுதியிலேயே புரொப்பிரனலோல் என்னும் மருந்தை ஆக்கியிருந்தார். 1988 இல் அவர்க்கு நோபல் பரிசும் கிடைத்தது. மார்புநோவுக்கும் உயர் குருதியமுக்கத்துக்கும் அம்மருந்து பெரிதும் பயன்பட்டது. ஆயினும், தளர்ந்த இதயமுடையார்க்கு அதனைக் கொடுத்தல் ஆகாது என்றே மருத்துவ நூல்கள் விதித்தன. தள்ளாடுபவனின் ஊன்றுகோலைப் பறிப்பதா என்பது அவர்தம் அச்சம்.

தூண்டும் மருந்துகள் சோதனைக்கு வந்தன. சமோதெரோல் என்பது பீற்றா வாங்கியைச் சிறிதளவு தூண்டுவது. 1990 இல் வெளிவந்த சோதனையின் முடிவில், கடும் நோயாளருள் அதனை உண்டாரிடையே இறப்பு மிகுந்தமை தெரிந்தது. மில்ரினோன் என்பது வாங்கியைத் தொடாமல் இரண்டாந் தூதனை அழியாது காப்பதனால் இதயத்தைத் தூண்டுவது. 1,088 நோயாளரிடையே நிகழ்ந்து 1991 இல் வெளிவந்த சோதனையில், அதனை வாய்வழி உட்கொண்டாருள் நூற்றுக்கு 30 பேரும், வெறும் மாத்திரை உட்கொண்டாருள் நூற்றுக்கு 24 பேரும் இறந்தனர். மருந்து உண்டவரது இதயம் வலிந்து சுருங்கியது உண்மையே. அவர் வாழ்நாள் நீளவில்லை.

1999 இல் ஜேர்மனியில் நிகழ்ந்த ஓர் ஆய்வும் இதனை வலியுறுத்திற்று. எலிகளின் இதயத்தில் மனித பீற்றா ஒன்று வாங்கி மிகுதியாகத் தோன்றுமாறு செய்தனர். இளமையில் அவ்விதயங்கள் ஏனையவற்றினும் வலிந்து துடித்தன. பின்னரோ தசைகள் தடித்து, நார் படிந்து, இதயஞ் செயலிழந்தது. வாங்கிகள் குறைவது ஏன் என்பதற்கு இதனினுந் தெளிவான விளக்கம் வேண்டுமா?

மற்றைக் கொள்கையை முதலிற் கைக்கொண்டவர் சுவீடன் நாட்டு மருத்துவர். கோத்தென்பேர்க் நகரத்து வாக்ஸ்ரைன், ஜால்மார்சன் முதலியோர் 1975 இல், இதயத்தசை நோயாளர் எழுவர்க்கு பீற்றா அடைப்பு மருந்தைக் கொடுத்து, அவர்கள் சுகம் பெற்றதை எழுதினர். எழுவரைக் கொண்டு உலகை நம்பவைத்தல் இயலாது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஐயம் நீடித்தது. 1996 இல் காவெடிலோல் என்னும் மருந்து பற்றிய முடிவுகள் வந்தன. 1999 இல் பைசொபுரொலோல் பற்றிய சோதனை வெளிவந்தது. அதிற் சேர்ந்தோர் 2,647 பேர். வெறும் மாத்திரை உட்கொண்டாருள் நூற்றுக்கு 17.3 பேரும், மருந்து உட்கொண்டாருள் 11.8 பேரும் இறந்தனர். அதாவது மூன்றில் ஒரு பங்கு இறப்புக் குறைந்தது. அதே ஆண்டில் 3,991 பேரிடையே மெற்றொபுரொலோலைச் சோதித்தபோதும் ஏறத்தாழ இதே அளவு பயன் காணப்பட்டது. ஆகாது என விலக்கப்பட்ட மருந்து, நான்கு ஆண்டுகளுள், இன்றியமையாத மருந்தாயிற்று.

இம்மருந்து செய்வது யாது? வாங்கியின் வாயிலில் தான் நின்று, ஓமோன் வந்து பொருந்தாதபடி காக்கின்றது. நாடி மெதுவாகின்றது. இரு துடிப்புக்கு இடையேயுள்ள தளர்வுநேரம் நீள்கின்றது. இதயத்தின் இடவறைத் தசைக்கு உணவூட்டும் குருதி பெரும்பாலும் அத்தளர்வு நேரத்திலேயே பாய்கின்றது. எனவே, இதயம் உழைப்பது குறைந்து உண்பது மிகுகின்றது. திங்கள் சில சென்றபின் பலரது விரிந்த இதயம் அளவிற் சுருங்கி, முன்னினும் வலிதாகத் துடிக்கின்றது.

பெருந்துயர் வந்தவிடத்து

நெடுநாள் நெருக்கீட்டைக் கண்டோம்; திடீரென வரும் பெருந்துயர் செய்வது யாது? தன் தீர்ப்புத் தவறென அறிந்த கணமே பாண்டியன் அரியணையில் வீழ்ந்து உயிர்நீத்ததைச் சிலப்பதிகாரம் கூறும்; அவன் தேவியும் உடன் வீழ்ந்தாள். காப்பியத்து நிகழ்ச்சியை நோயென நிறுவ நாம் முற்படவில்லை. ஆயினும், துயரால் நெஞ்சு உடைதல் என்னும் வழக்கு வெறுங் கற்பனையன்று.

1990 இல் ஹிரோஷிமாவைச் சேர்ந்த யப்பானிய மருத்துவர்கள், மாரடைப்புப் போலவே தோன்றி, இதய நாடிகளில் அடைப்பு எதுவுமில்லாத ஒரு நோயை விவரித்தனர். இதயத்தின் நுனிப்பகுதி அசைவற்று ஊதி நிற்க, மேற்பகுதி மட்டுஞ் சுருங்குகின்றது. அவ்வடிவம், எண்காற் கணவாயைப் பிடிக்க யப்பானியர் கடலிலிடும் பானையை ஒத்தமையால், அப்பானையின் பெயராலேயே தக்கோற்சுபோ என அந்நோயை வழங்கினர். உற்றாரின் சாவு, பேரச்சம், நிலநடுக்கம் முதலியவற்றின்பின் இது தோன்றுவதுண்டு. இந்நோய்க்கு ஆளானோருட் பெரும்பாலார் மாதவிடாய் நின்ற வயதுப் பெண்கள். அவர்தம் குருதியில் அதிரினலினும் நோரதிரினலினும் மாரடைப்பு நோயாளரினும் மிகுந்திருத்தலை 2005 இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர்.

தூண்டவேண்டிய ஓமோன் தசையை அசைவற்றதாக்குவது எங்ஙனம்? அதிரினலின் அளவுகடந்து பெருகும்போது, பீற்றா இரண்டு வாங்கி தான் வழக்கமாகத் தொடும் ஜீ-புரதத்தை விடுத்து, சுருக்கத்தைத் தணிக்கும் வேறொரு ஜீ-புரதத்தைத் தொடுகின்றது என இலண்டன் ஆய்வாளர் 2012 இல் எலிகளிற் காட்டினர். இதயத்தின் நுனியிலே அவ்வாங்கி மிக்கிருத்தலால் அங்கே அசைவு நின்றது என்பது அவர்தம் விளக்கம். பெரும்பாலாரது இதயம் சில வாரங்களிற் பழைய நிலையை எய்துகின்றது. எனினும், இந்நோயால் இறப்பாரும் உளராதலின் இதனை எளிதாகக் கொள்ளலாகாது.

கோட்டிசோலும் இரு வாங்கிகளும்

அதிரினலின் நொடிகளில் வேலை செய்வது. மேற்பட்டையிலிருந்து வரும் கோட்டிசோல் மணிக்கணக்கில் வேலை செய்வது. இது கொழுப்பிற் கரையும் இயல்பினது. ஆதலின் மென்சவ்வைக் கடந்து கலத்தினுள்ளேயே புகும். அதன் வாங்கி உள்ளே காத்திருக்கின்றது. இரண்டும் கூடிக் கருவினுட் சென்று, எப்பரம்பரையலகு தொழிற்படல் வேண்டும், எது அடங்கல் வேண்டும் என ஆணை பிறப்பிக்கின்றன.

இங்கும் ஓமோன் ஒன்று, வாங்கி இரண்டு. ஒன்று கோட்டிசோலுக்கே உரிய வாங்கி. மற்றையது உப்பைத் தேக்கும் அல்டோஸ்தெரோனுக்கு உரிய வாங்கி. ஆயினும், கோட்டிசோலும் அதனோடு நன்கு பொருந்தும். சிறுநீரகத்தில் ஒரு காவல் நொதியம் கோட்டிசோலைச் செயலற்றதாக்கி, அவ்வாங்கியை அல்டோஸ்தெரோனுக்கென ஒதுக்கி வைக்கின்றது. இதயத்தசைக் கலத்தில் அக்காவல் மிக அரிது. ஆதலின் அங்கே அவ்விருக்கையிற் பெரும்பாலும் அமர்வது கோட்டிசோலே.

அமெரிக்காவின் வட கரோலைனாவில் சிட்லொவ்ஸ்கி, ஓக்லி முதலியோர் எலிகளில் இதனை ஆராய்ந்தனர். இதயத்தசையிற் கோட்டிசோல் வாங்கியை மட்டும் நீக்கியபோது, எலிகளின் இதயம் பருத்து, வலியிழந்து, அவை இளமையிலேயே இறந்தன. இது 2013 இல் வெளிவந்தது. அல்டோஸ்தெரோன் வாங்கியை மட்டும் நீக்கிய எலிகளின் இதயம் நலமாகவே இருந்தது. இரண்டையும் ஒருங்கே நீக்கியபோதோ, முதற்கூட்டத்து எலிகளை அழித்த கேடு தோன்றவில்லை. இது 2019 இல் வெளிவந்தது. எனவே, எலியின் இதயத்தில் முதல் வாங்கி காப்பது என்றும், காவல் நீங்கியவிடத்து இரண்டாவது கெடுப்பது என்றும் அறிகின்றோம். எலிக்குக் கண்டதை அப்படியே மனிதர்க்குக் கூறுதல் முறையன்று. ஆயினும், அவ்விரண்டாம் வாங்கியை அடைக்கும் ஸ்பைரொனோலக்டோன் என்னும் மருந்தை, கடும் இதயச் செயலிழப்புடைய 1,663 பேரிடையே சோதித்தபோது இறப்பு நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது என 1999 இலேயே தெரிந்திருந்தது.

நாம் கொள்ளத்தக்கன

இவ்வரலாற்றினின்று வீட்டுக்குக் கொண்டுசெல்லத்தக்கன சிலவற்றைக் கூறி முடிப்பாம்.

முதலாவது: பீற்றா அடைப்பு மாத்திரையைத் தாமாக, திடீரென நிறுத்தலாகாது. வாயில் அடைபட்டிருந்த காலத்தில் இதயக்கலம் தன் வாங்கிகளைப் பெருக்கிக்கொள்கின்றது. மாத்திரையை ஒருநாளில் விட்டால், பெருகிய வாங்கிகள் அனைத்தின்மேலும் அதிரினலின் ஒருங்கே பாய்கின்றது. மார்புநோவும், ஒழுங்கற்ற துடிப்பும், மாரடைப்புங்கூட நேரலாம். நிறுத்தவேண்டிய தேவை வரின், மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

இரண்டாவது: தொடங்குவதும் படிப்படியாகவே. பைசொபுரொலோல் 1.25 மில்லிகிராமிற் தொடங்கி, நோயாளர் தாங்குமளவுக்கு வாரக்கணக்கில் உயர்த்தி, 10 மில்லிகிராம் வரை கொண்டுசெல்லப்படும். முதற்சில வாரங்களிற் சோர்வு தோன்றலாம். மருந்து ஒவ்வவில்லை என உடனே எறியாது, மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். மூச்சிளைப்பு மிகுந்தாலும், கால்வீக்கம் ஏறினாலும், மயக்கம் வந்தாலும் தாமதித்தலாகாது.

மூன்றாவது: பிறர்க்குக் கொடுத்த மாத்திரையை நாம் உட்கொள்ளலாகாது. இம்மருந்துகளுட் சில மூச்சுக் குழாயின் பீற்றா இரண்டு வாங்கியையும் அடைப்பன. ஈளை நோயுடையார்க்கு அவை உயிர்க்கேடு விளைத்தல் கூடும்.

நான்காவது மாணவர்க்கு உரியது. சோதனை மண்டபத்தில் நெஞ்சு படபடப்பதை நோயென அஞ்சவேண்டா. நலமுள்ள இதயத்துக்கு அது சிறுபொழுது வந்து நீங்கும் விருந்து. அழைப்பு வருவதனாற் கேடில்லை. அது ஓயாதிருப்பதனாலேயே கேடு. நன்கு உறங்கி எழுவார்க்கும், நாடோறும் நடந்தும் விளையாடியும் உடலைப் பயிற்றுவார்க்கும் நாடி அமைதியாக நிற்கும். நம் கல்லூரி மைதானத்தில் அந்திவேளையில் ஓடிய பழைய மாணவர் அதனை மறந்திரார். இனி ஓட இயலாதெனினும், மருத்துவர் தடைசெய்யாதவிடத்து நடத்தல் யாவர்க்கும் இயலும்.

யூபிலி காணும் இவ்வாண்டில் பல ஊர்களினின்றும் பல நாடுகளினின்றும் நம் பழைய மாணவர் ஒருங்கு கூடுவர். கூடும்போது ஒருவரையொருவர் நலம் வினாவுதல் நம் மரபு. மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கிறீரா என்னும் வினாவையும் அந்நலவினாவோடு சேர்த்துக்கொள்வார்களாக. யாவரும் நெடிது வாழ்க.